முதல் கவிதைத் தொகுப்பை நீங்களே அச்சிட்டு வெளியிடுவது எப்படி?

பதிப்பகங்களின் பதிலுக்குக் காத்திருந்து, இறுதியில் சொந்தமாகவே வெளியிடுவது என்று முடிவெடுத்திருக்கும் கவிஞர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முதல் தொகுப்பை நானே அச்சுக்குக் கொண்டுபோனபோது கற்றவை இவை. கவிதைகளைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தி, யூனிகோடில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறீர்கள் என்று கொண்டு தொடங்குகிறேன். கவிதை நூலில் காக்கப்பட வேண்டியது வரி. நீங்கள் முறித்த இடத்தில் வரி முறிந்து, விட்ட இடத்தில் வெளி நின்றால்தான் அது உங்கள் கவிதை. கீழே சொல்லும் எல்லா முடிவுகளையும் அதை வைத்தே எடுங்கள்.

முதல் படி: நூலின் அளவு

தொகுப்பிலேயே நீளமான வரி எது என்று கண்டுபிடித்து, அதை 11 அல்லது 12 புள்ளி அளவில் அச்செடுத்து அடிக்கோலால் அளந்துகொள்ளுங்கள். கவிதை நூல்கள் பெரும்பாலும் கிரவுன் என்ற சிறிய அளவிலோ, அதைவிடச் சற்றுப் பெரிய டெமி அளவிலோ வருகின்றன. கிரவுன் கைக்கு அடக்கமானது. ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், நீண்ட வரிகள் அதில் அடங்காமல் அடுத்த வரிக்கு வழிந்துவிடும். அப்படி நான்கைந்து கவிதைகளுக்கு மேல் வழியுமானால் டெமியைத் தேர்ந்தெடுங்கள். எப்படியும் வழியும் வரிகளுக்கு, இரண்டாம் பகுதியைச் சற்று உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள்; அது புதிய வரி அன்று என்பது வாசகருக்கு அப்போதுதான் விளங்கும்.

அச்சகத்தில் 16 பக்கங்களை ஒரு பாரம் என்பார்கள். தலைப்புப் பக்கம், நூற்குறிப்பு, சமர்ப்பணம், அணிந்துரை, என்னுரை, பொருளடக்கம் எல்லாம் சேர்த்து 64, 80, 96 என்று பாரக்கணக்கில் முடியுமாறு திட்டமிட்டால் தாள் வீணாகாது.

இரண்டாம் படி: எழுத்துருவும் பக்க வடிவமைப்பும்

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படிதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். நம் அச்சகங்களிலும் டிடிபி நிலையங்களிலும் இன்றும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளையும், டாம், பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு முறைகளையும் கையாள்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் யூனிகோட் கோப்பை அவர்கள் எழுத்துரு மாற்றும் மென்பொருளில் இட்டு, தங்கள் எழுத்துருவுக்குக் கொண்டுபோய் வேலை செய்வார்கள். அந்த மாற்றத்தில் மேற்கோள் குறிகள் வேறாகும், இடைக்கோடுகள் காணாமல் போகும், கவிதைகளுக்கிடையே நீங்கள் விட்ட வெற்று வரிகள் ஒன்றாகச் சுருங்கும். மின்னூலுக்காக அதே கோப்பைத் திரும்ப யூனிகோடுக்கு மாற்றும்போது இன்னொரு சுற்றுப் பிழைகள் சேரும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். திரும்பி வந்த கோப்பில் ‘மௌனம்’ என்று தேடினேன். ஓரிடத்திலும் அகப்படவில்லை, ஆனால் கண்ணெதிரே பல கவிதைகளில் அந்தச் சொல் இருந்தது. மகரத்தோடு ஔகாரக் குறி சேர்ந்து ஓரெழுத்தாக நிற்க வேண்டிய இடத்தில், ‘மெ’ என்றும் ‘ள’ என்றும் இரண்டு எழுத்துகள் உட்கார்ந்திருந்தன. அச்சில் பார்க்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிவதால், மெய்ப்பு பார்ப்பவர் (அச்சுப்பிழை திருத்துபவர்) கண்ணுக்கு அது தப்பிவிடும். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம் என்று இறங்காதீர்கள். ‘வெளி’, ‘தெளிவு’, ‘வெள்ளம்’ ஆகிய சொற்களில் ஒற்றைக் கொம்பு பெற்ற எழுத்தும் ளகரமும் முறையாகவே அடுத்தடுத்து வருகின்றன, அவையும் சேர்ந்து கெட்டுவிடும். ஒவ்வொன்றாகத் தேடி, சொல்லைப் படித்துப் பார்த்தே திருத்த வேண்டும்.

ஆகவே தொடக்கம் முதல் முடிவு வரை யூனிகோடிலேயே வேலை நடக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். வடிவமைப்பாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோட் தமிழைக் கையாள்வாரா என்பதுதான். ஆம் என்றால், பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்ற தெரிவு இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும்.

நீங்களே வடிவமைப்பதானால் லிப்ரே ஆபீஸ் போதும், கட்டணமும் இல்லை. எழுத்துருக்களில் நோட்டோ செரிஃப் தமிழை நான் பரிந்துரைப்பேன்: திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, சிறிய அளவிலும் கண்ணை உறுத்தாமல் படிக்க முடிகிறது. அலங்கார எழுத்துருக்களை அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வரிகளை இடப்பக்கம் மட்டும் ஒழுங்குசெய்யுங்கள். இருபக்கமும் ஒழுங்குசெய்தால், வேர்டில் ஷிஃப்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தி முறித்த வரிகளில் சொற்களுக்கு நடுவே பெரிய இடைவெளிகள் விழும். அச்சகத்துக்கு வேர்டு கோப்பைக் கொடுக்காமல், எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் கோப்பையே கொடுங்கள்.

மூன்றாம் படி: மெய்ப்பு

உரைநடைக்கு மெய்ப்பு பார்ப்பவர்கள் கவிதையில் தடுமாறும் இடம் வரியிறுதி ஒற்று. ‘மழையைத் / தொட்டுப் பார்த்தாள் பாட்டி’ என்று முறிக்கும்போது முதல் வரியின் கடைசியில் ‘த்’ நிற்க வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். படிக்கும்போது அங்கே மூச்சு தொடருமானால் ஒற்று இருக்கட்டும். நின்றுவிடுமானால் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. எதைத் தேர்ந்தாலும் நூல் முழுவதும் ஒரே முறையைக் கடைப்பிடித்து, அதை மெய்ப்பாளரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கடைசி மெய்ப்பைத் தாளில் எடுத்து, உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: ஐஎஸ்பிஎன்னும் நூற்குறிப்பும்

நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டுத் தர எண்ணான ஐஎஸ்பிஎன்னை இந்தியாவில், ஒன்றிய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாக வழங்குகிறது. சொந்தமாக வெளியிடும் எழுத்தாளரும் தம் பெயரிலேயே இணையவழியில் விண்ணப்பிக்கலாம். இதற்காக இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. எண் கைக்கு வந்தபிறகே பின்னட்டையை இறுதிசெய்யுங்கள். நூற்குறிப்பில் தலைப்பு, ஆசிரியர், முதற்பதிப்பின் மாதமும் ஆண்டும், உரிமை, பக்கம், விலை, வெளியிடுபவர் முகவரி, அச்சகம் ஆகியவை இடம்பெற வேண்டும். படைப்பு எழுதப்பட்டவுடனேயே காப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது; 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம் இல்லை. அட்டை ஓவியத்துக்கு ஓவியரின் எழுத்துப்பூர்வமான இசைவு கட்டாயம்.

ஐந்தாம் படி: அச்சகம்

300 பிரதிகளுக்குக் குறைவாக என்றால் டிஜிட்டல் அச்சு, அதற்கு மேல் என்றால் ஆப்செட் என்பது நான் கொள்ளும் பொதுக்கணக்கு. முதல் தொகுப்புக்கு 100 பிரதிகள் அடித்துவிட்டு, தேவைக்கேற்ப மறுபடி அடிப்பதே நல்லது. உள்தாளுக்கு 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) மேப்லித்தோ தாளில் இளமஞ்சள் சாயல் கொண்டதைக் கேளுங்கள். வெள்ளைத் தாளில் குறைவான வரிகள் இருக்கும்போது பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிவது உறுத்தும். அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டும் மேட் லேமினேஷனும் போதும். 96 பக்க நூலின் முதுகு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதால், முதுகில் தலைப்பைச் சிறிதாகவே வைக்க முடியும். முழு எண்ணிக்கையும் ஓடுவதற்கு முன் ஒரு மாதிரிப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஆறாம் படி: விலையும் விற்பனையும்

கடைக்காரர்கள் 30 முதல் 40 சதவீதம் வரை கழிவு கேட்பார்கள். ஒரு பிரதியின் அச்சுச் செலவு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலை 120 என்றால், 40 சதவீதம் போக 72 ரூபாய் வரும்; மிஞ்சுவது 12 ரூபாய். மதிப்புரைப் பிரதிகள், அஞ்சல் செலவு, சேதம் எல்லாவற்றையும் அது தாங்காது. விலையை 150 ஆக வைத்தால் 30 ரூபாய் மிஞ்சும். அச்சு நூல்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

கடைகளில் கொடுக்கும் பிரதிகளுக்கு எண்ணிக்கையும் தேதியும் எழுதிய ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடைபெறுவதால், நூல் டிசம்பர் தொடக்கத்திலேயே கையில் இருக்க வேண்டும். தனிக் கவிஞர் அரங்கு எடுப்பது கட்டுப்படியாகாது. அறிமுகமான பதிப்பக அரங்கில் விற்பனைக்கு வைக்கக் கேளுங்கள். ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவையும், மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகக் காட்சிகளையும் விட்டுவிட வேண்டாம்.

ஏழாம் படி: நூலை வாசகரிடம் சேர்த்தல்

கவிதைகள் நூலுக்கு முன்பே வெளியே போயிருக்க வேண்டும். வாசகசாலை, கனலி, சொல்வனம், திண்ணை போன்ற இணைய இதழ்களிலோ அச்சிதழ்களிலோ சில கவிதைகள் வந்திருந்தால், உங்கள் பெயரைக் கேட்டறிந்த சிலராவது நூலைத் தேடுவார்கள். மதிப்புரைக்கு இதழ்களுக்கு இரண்டு பிரதிகள் அனுப்புவது வழக்கம். அதோடு நூலைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பும் வையுங்கள்.

வெளியீட்டு விழாவில் மேடையை நிரப்பாதீர்கள். நூலைப் படித்துவிட்டுப் பேசக்கூடிய இருவர் போதும்; அவர்கள் கையில் ஒரு மாதம் முன்பே பிரதி இருக்க வேண்டும். வாழ்த்துரைகளில் கரையும் நேரத்தில் ஐந்து கவிதைகளை நல்ல குரலுள்ள ஒருவர் வாசித்தால், அவற்றுக்காகவே கூட்டத்தில் சிலர் நூல் வாங்குவார்கள். சமூக ஊடகத்தில் பகிரும்போதும் நீள்கவிதையின் நான்கு வரிகளை வெட்டிப் போடாமல், முழுமையான ஒரு குறுங்கவிதையைப் பகிருங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த நண்பர்கள் சிலர் கிண்டில் பற்றிக் கேட்டார்கள். தமிழ் மின்னூலை, அமேசானின் சொந்த வெளியீட்டுத் தளமான கேடிபி ஏற்கிறது. அதற்கு ஐஎஸ்பிஎன் தேவையில்லை. ஆனால் இந்திய விற்பனையில் 70 சதவீத உரிமைத்தொகை பெற கேடிபி செலக்ட் என்ற அதன் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள்களுக்கு மின்வடிவில் வேறெங்கும் நூல் கிடைக்கக் கூடாது, மாதிரியாக 10 சதவீதம் வரை மட்டும் இருக்கலாம். கவிதைகளில் பாதி இணைய இதழ்களில் ஏற்கெனவே இருந்தால் இந்த விதியில் சிக்குவீர்கள். அப்படியானால் 35 சதவீதத் தெரிவே பாதுகாப்பு.

பிரதிகளை அஞ்சலில் அனுப்புவது பற்றியும் கேள்வி வந்தது. பழைய பதிவு நூல் அஞ்சல் சேவை 2024 இறுதியில் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் அஞ்சல் துறை ‘ஞான் போஸ்ட்’ சேவையைத் தொடங்கியது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. கவிதை நூல் பெரும்பாலும் முதல் எடைப்பிரிவிலேயே அடங்கும். நூலில் அச்சகம் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்பதால், நூற்குறிப்பில் அதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, பலரும் செய்யாமல் விடுவது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாள்களுக்குள் வெளியிட்டவர் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை ஆசியவியல் கழக நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். கட்டு வந்திறங்கிய அன்றே அந்த நான்கு பிரதிகளைத் தனியே எடுத்து, முகவரி எழுதி வைத்துவிடுங்கள்.