மூன்று வயதுக் கையில் பென்சில்: விளையாட்டுக் கற்பித்தலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் முன்பள்ளிக்குப் புதிதாக வரும் ரீச்சர்மாரும், முதல் பிள்ளையை வைத்திருக்கும் தாய்மாரும் ஒரே பிழைகளைத்தான் செய்கிறார்கள். நேற்றுப் பழகியவர்கள் விட்ட பிழையை இன்று பழகுகிறவர்கள் விடுகிறார்கள். கத்திரிக்கோலைக் கைக்கெட்ட வைக்காதீர்கள், போனைக் கொடுத்து அடக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம்.

பென்சில் முந்திவிடுவது

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். மூன்று வயதுப் பிள்ளை, இரட்டைக் கோட்டுக் கொப்பி, முதல் வரியில் ரீச்சர் எழுதிய 'அ', கீழே இருபது 'அ' எழுதி வர வேண்டும். பின்னேரம் வீட்டில் அம்மம்மா பிள்ளையின் கைக்கு மேல் தன் கையை வைத்து, "எழுதுங்க மனே" என்று இழுத்து எழுதுவிக்கிறார்.

அந்தக் கையைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். நான்கு விரலும் பென்சிலைச் சுற்றி மூடியிருக்கும், பெருவிரல் அதற்கு மேல் ஏறியிருக்கும். தோள் காதுவரை உயர்ந்திருக்கும். கொப்பியின் அடுத்த பக்கத்தைத் தடவினால் எழுத்துகள் மேடாகத் தட்டுப்படும், அவ்வளவு அழுத்தம். முதல் மூன்று எழுத்தும் பரவாயில்லை. பத்தாவதில் சுழி காணாமற் போகும். மேலே இன்னொரு கை பிடித்தால் பிள்ளையின் கை தளர்ந்து வெறுமனே கூடப் போகும். எழுதியது அம்மம்மாவின் கை, பிள்ளையின் கை எதையும் பழகவில்லை.

காரணம் உடம்பில் இருக்கிறது. மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள். பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாகி முடியப் பள்ளிப் பருவமும் பாதி கடந்துவிடும். கைக்கு வரும் வடிவங்களுக்கும் ஒரு வரிசை உண்டு: இரண்டு வயதளவில் நெட்டுக் கோடு, மூன்றில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, ஐந்தை ஒட்டி முக்கோணம். சில மாதம் முன்பின் ஆகலாம், வரிசை பெரும்பாலும் மாறாது. இனி 'அ'வைப் பாருங்கள். ஒரு சுழி, அதிலிருந்து ஒரு வளைவு, ஒரு குறுக்குக் கோடு, கடைசியில் ஒரு நெட்டுக் கோடு. கூட்டல் குறியே இன்னும் வராத கையிடம் இதைக் கேட்கிறோம்.

பெற்றார் கொப்பியைப் பார்க்கக் கேட்கிறார்கள், முன்பள்ளியும் காட்ட விரும்புகிறது. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் பயம் மூன்று வயதிலேயே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. விலை கொடுப்பது பிள்ளை. தவறாகப் பழகிய பிடியைத் தரம் ஒன்றில் மாற்ற மாதக்கணக்காகும். கொப்பியைக் கண்டதும் "ஏலா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும் பிள்ளையை மறுபடி எழுத வைப்பது அதைவிடக் கடினம்.

செய்ய வேண்டியது தோளிலிருந்து விரலுக்கு இறங்கி வருவது. முதலில் இரண்டு அங்குலப் பெயின்ற் பிரஷும் அரை வாளித் தண்ணீரும் கொடுத்து வெளிச்சுவரில் மேலும் கீழுமாகப் பூச விடுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஈரம் உடனே காய்ந்துவிடும், திரும்பவும் பூசலாம். அடுத்து ஒரு பஞ்சுத் துண்டைத் தண்ணீரில் தோய்த்து அடுத்த கோப்பைக்குள் பிழிவது. பிறகு உடுப்புக் கிளிப் பத்தை ஒரு சிரட்டையின் விளிம்பில் குத்திக் கழற்றுவது. மூன்றரை வயதானால் தையற்கடையில் கழியும் நூல்கட்டைகளைச் சப்பாத்துக் கயிற்றில் கோர்க்கலாம். கயிற்று நுனியில் மூன்று சென்ரிமீற்றருக்கு டேப் சுற்றுங்கள், இல்லாவிட்டால் நுனி பிரிந்து பிள்ளைக்குக் கோபம் வரும்.

எழுத்துக்கு மணல் தட்டம். அரித்துக் காயவைத்த மணலை ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரப்புங்கள். கூடினால் கோடு சரிந்து மூடும், குறைந்தால் விரல் தகரத்தில் உரசும். இலேசாகத் தண்ணீர் தெளித்தால் கோடு நிற்கும். சுட்டுவிரலால் பெரிதாக, ஐந்து நிமிடம் போதும். ஏடு தொடக்கும் நாளில் அரிசியில் விரலால்தானே எழுதுவிக்கிறோம்? மறுநாளே அதை மறந்து பென்சிலைக் கொடுக்கிறோம்.

பிள்ளை தானாக மூடிய வட்டமும் கூட்டல் குறியும் போடும்போது எழுதத் தொடங்கலாம். முதலில் மூன்று, நான்கு சென்ரிமீற்றர் வெண்கட்டித் துண்டு. துண்டு குட்டையாக இருந்தால் முழுக் கையாலும் பிடிக்க இடமில்லை, விரல் நுனிகள் தாமாக வேலைக்கு வரும். எழுத்துகளில் 'ட', 'ப' முதலில், நேர்கோடுகள். 'அ' காத்திருக்கட்டும்.

சிவப்பு விதை

எண்ணிப் பழக மஞ்சாடி விதை கொடுக்கிறோம் என்று சிலர் குன்றிமணியைப் பொறுக்கி வந்துவிடுகிறார்கள். மஞ்சாடி முழுச் சிவப்பு, தட்டை. குன்றிமணியில் ஒரு முனை கறுப்பு. குன்றிமணி கடும் விஷம். முழுதாக விழுங்கினால் ஓடு காக்கலாம். கடித்தாலோ, மாலை கட்டத் துளைத்திருந்தாலோ காக்காது. வாந்தி பல மணி நேரம் கழித்தும் வரலாம், அதற்குக் காத்திராமல் மிச்ச விதையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆமணக்கு விதையும் அப்படியே.

மஞ்சாடி, புளியங்கொட்டை எல்லாம் மூக்குக்கும் காதுக்கும் அளவானவை. மூன்று வயதுக்குக் கீழ் நான்கு சென்ரிமீற்றருக்குக் குறைந்த எதையும் கொடுக்க வேண்டாம். சிரட்டை போதும்.

உப்பு மா

பிள்ளைகள் பிசைந்து விளையாடும் மா இது: கோதுமை மா இரண்டு கோப்பை, தூள் உப்பு ஒரு கோப்பை, தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் முக்கால் கோப்பை. பிறகு தேவைப்பட்டால் கரண்டி கரண்டியாகத் தண்ணீர். எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினால் பசையாகும். கல்லுப்பு வேண்டாம், கீறல் உள்ள விரலில் எரியும். வாவிக் கரையின் ஈரக் காற்றில் உப்பு தண்ணீரை இழுத்து, மா கசியும். அது பழுதல்ல, ஒரு கரண்டி மா தூவிப் பிசைந்து இறுக்கமான டின்னில் மூடுங்கள். மணம் மாறினால் கொட்டிவிடுங்கள்.

வாயில் போடும் வயதுப் பிள்ளைக்கு இது கூடவே கூடாது. அவ்வளவு உப்பு சின்ன உடம்புக்கு ஆபத்து. அவர்களுக்கு உப்பில்லாத இடியப்ப மாவைச் சுடுநீரில் குழைத்து, நன்றாக ஆறவைத்துக் கொடுங்கள். அன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

குப்புறப் போட்டால் அழுகிறது

குழந்தை அழுதவுடன் தூக்கி, குப்புறப் போடுவதையே அத்தோடு விட்டுவிடுவதுதான் பிழை. ஒரு நிமிடத்தில் தொடங்குங்கள், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. பால் குடித்த உடனே வேண்டாம். மெத்தையில் வேண்டாம், தரையில் பன்பாய், அதன் மேல் ஒரு துணி. நெஞ்சுக்குக் கீழ் சுருட்டிய துவாய். நீங்களும் எதிரே படுத்து முகத்தை 25 சென்ரிமீற்றர் தூரத்தில் வையுங்கள், பச்சைக் குழந்தைக்கு அந்தத் தூரம்தான் தெளிவு. இன்னும் தவழாத குழந்தைக்கு நாள் முழுவதும் சேர்த்து 30 நிமிடமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். இதெல்லாம் விழித்திருக்கும்போது மட்டும், ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். தூங்கப் போட்டால் மல்லாக்கத்தான்.

தண்ணீர்

விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். நாலு விரற்கிடைத் தண்ணீரும் ஒரு குழந்தை மூழ்கக் காணும்.

கரண்டியைத் திரும்பத் திரும்பக் கீழே போடுகிறது

எட்டு, ஒன்பது மாதத்தில் அதுதான் படிப்பு. விழுந்த பொருள் எங்கே போனது என்று தேடிப் பார்க்கிறது. கயிற்றில் கட்டித் தொங்கவிடாதீர்கள், கழுத்தில் சுற்றும். பத்தாவது தடவையும் எடுத்துக் கொடுங்கள்.