வாஷ் மாவட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

ஹங்கேரியின் மேற்கு ஓரத்தில், ஆஸ்திரியாவையும் ஸ்லோவேனியாவையும் ஒட்டிக் கிடக்கிறது வாஷ் மாவட்டம். முதல் தவறு பெயரிலேயே நேர்ந்துவிடுகிறது. ஹங்கேரிய மொழியில் ‘எஸ்’ தனியாக வந்தால் ஒலி ‘ஷ்’. அதோடு ‘இஸட்’ சேர்ந்தால்தான் ‘ஸ்’. இது தெரியாமல் ‘வாஸ்’ என்று எழுதிவிடுகிறோம். மாவட்டத் தலைநகர் ஸோம்பட்ஹேய். நான் அதை வெகுநாள் ‘சோம்பதேலி’ என்றுதான் வாசித்துக்கொண்டிருந்தேன். வாஷ் என்றால் இரும்பு. இரும்புக்கோட்டை என்று பொருள்படும் வாஷ்வார் ஊரை ஒட்டி அமைந்த பெயர் இது.

அடுத்தது, எல்லாவற்றிலும் பெரிய தவறு: இன்றைய வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு பழைய ஆவணத்தைப் படிப்பது. முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியின் எல்லைகளை மாற்றி வரைந்த 1920 ட்ரியனோன் ஒப்பந்தத்துக்கு முந்தைய வாஷ் இப்போதிருப்பதைவிட மிகப் பெரியது. அன்று அதில் இருந்த ஃபெல்ஷோஊர் இன்று ஆஸ்திரியாவின் ஓபர்வார்ட். நேமெட்உய்வார் இன்று க்யூஸிங். முராஸோம்பட் இன்று ஸ்லோவேனியாவின் முர்ஸ்கா சோபோட்டா. 1890இல் ‘வாஷில் பிறந்தவர்’ என்று ஒரு பதிவேடு சொன்னால், அந்தக் கிராமம் மூன்று நாடுகளில் எதில் இருக்கிறது என்று பார்த்த பிறகே மேலே எழுத வேண்டும். 1664இல் உஸ்மானியரை ஹாப்ஸ்பர்க் தளபதி மான்டெகுக்கொலியின் படை தடுத்த சென்ட்கொட்ஹார்ட் போரும் இப்படித்தான். அந்தப் பெயருள்ள ஊர் ஹங்கேரியில் இருக்கிறது. போர்க்களமோ எல்லைக்கு அப்பால், ஆஸ்திரியாவின் மோகர்ஸ்டார்ஃபில்.

மக்களைப் பற்றி எழுதும்போது, பேசும் மொழியை வைத்தே அவர்கள் எந்த நாட்டின் பக்கம் என்று முடிவுகட்டுவது இன்னொரு பிழை. சென்ட்பேடர்ஃபா கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உஸ்மானியப் படையெடுப்புக்கு அஞ்சி 16ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய குரோவேசியரின் வழிவந்தவர்கள் வாழும் ஊர். ஒப்பந்தம் அதை ஆஸ்திரியாவுக்குக் கொடுத்தது. 1923இல் அது மீண்டும் ஹங்கேரிக்கு வந்தது. குரோவேசிய மொழி பேசிய அந்த மக்கள் விரும்பியது ஹங்கேரியைத்தான். பலரும் மேற்கோள் காட்டும் 1910 கணக்கெடுப்பும் தாய்மொழியைத்தான் கேட்டது, இனத்தை அல்ல. ஹங்கேரியர், ஜெர்மானியர், குரோவேசியர், ஸ்லோவேனியர் என்று நான்கு பெயரோடு பட்டியலை முடித்துவிடுவதும் சரியல்ல. ஸோம்பட்ஹேயில் பெரிய யூத சமூகம் ஒன்று இருந்தது. 1944 ஜூலையில் அவர்களை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள்.

தூர்ஸின் புனித மார்ட்டின் பிறந்தது ஸோம்பட்ஹேயில்தான், 316 வாக்கில். அதற்காக அவரை ஹங்கேரியர் ஆக்கிவிடக் கூடாது. அன்று இது சவாரியா என்ற ரோமானிய நகரம். ஹங்கேரியரின் முன்னோரான மாஜர்கள் வந்தது 9ஆம் நூற்றாண்டின் இறுதியில்.

ஆஸ்திரியாவா ஹங்கேரியா என்று கேட்ட 1921 வாக்கெடுப்பையும், 1989 ஆகஸ்ட் 19இல் கிழக்கு ஜெர்மானியர் நூற்றுக்கணக்கில் எல்லை தாண்டிய பிக்னிக்கையும் வாஷ் கணக்கில் எழுதுகிறார்கள். இரண்டும் வடக்கே, பக்கத்து மாவட்டத்தின் ஷோப்ரோன் நகரைச் சேர்ந்தவை.

வாஷில் உள்ள கூசெக் ஊரின் கோட்டைக் கதையில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 1532 ஆகஸ்டில் சுல்தான் சுலைமானின் பெரும்படை வியன்னாவை நோக்கிச் செல்லும் வழியில் இந்தச் சிற்றூரை முற்றுகையிட்டது. உள்ளே இருந்து காத்தவர் நிகோலா யூரிஷிச், ஒரு குரோவேசியப் பிரபு. ‘ஹங்கேரிய வீரர்’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சுல்தானை அவர் அடித்து விரட்டினார் என்பதும் மிகை. பல தாக்குதல்களைத் தாங்கிய பிறகு, பெயரளவுக்குச் சரணடைந்ததாக ஏற்றுக்கொண்டார். அந்த மட்டில் சுல்தானின் மானமும் காப்பாற்றப்பட்டது, படை நகர்ந்தது. மூன்று வாரத்துக்குக் குறையாமல் நாள் போயிருந்தது, வியன்னாவும் தப்பியது.

அந்த நினைவாக இன்றும் கூசெக்கில் காலை 11 மணிக்குக் கோயில் மணி அடிக்கிறார்கள். மற்ற ஊர்களில் நண்பகலில் ஒலிக்கும் மணியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த மணியை ஹங்கேரியர் சேர்த்துச் சொல்வது உஸ்மானியருக்கு எதிரான 1456 பெல்கிரேடு வெற்றியோடு. கூசெக்கில் இரண்டையும் கேட்கலாம், ஒரு மணி நேர இடைவெளியில்.