வெற்றிடக் கலத்தில் துகள்களால் வரும் மின்முறிவைத் தடுப்பது எப்படி?

பெங்களூருவில் வெற்றிடக் கருவிகளோடு பணிபுரியும் நம்மவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: பீன்யா தொழிற்பேட்டையில் கடைந்து வாங்கிய எஃகு மின்முனை கண்ணாடிபோல் மின்னினாலும், அதில் ஒட்டியிருக்கும் சில மைக்ரான் அளவுள்ள உலோகத் துகளே உயர் மின்னழுத்தச் சோதனையைக் கெடுத்துவிடலாம். மின்புலம் அத்துகளுக்கு மின்னூட்டம் ஏற்றிப் பெயர்த்தெடுக்க, அது இடைவெளியைத் தாண்டி எதிர்முனையில் மோதி ஆவியை எழுப்புகிறது; அந்த ஆவி அயனியாகும்போது வெற்றிடத்திலும் மின்பொறி பாய்கிறது. இடைவெளியை இரட்டித்தால் தாங்கும் மின்னழுத்தமும் இரட்டிக்கும் என்று நம்ப வேண்டாம். 1952இல் இயற்பியலாளர் கிரான்பெர்க் முன்வைத்த விளக்கத்தின்படி அது ஏறத்தாழ 1.4 மடங்கே உயரும்.

ஆகவே கழுவுவதில் அவசரம் கூடாது. மின்முனையை மீயொலித் தொட்டியில் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் அலசி, வடிகட்டிய நைட்ரஜனால் உலர்த்துங்கள். பருத்தித் துணியால் துடைக்கவே கூடாது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், அது விட்டுச்சென்ற இழைகள் வெள்ளி மயிர்போல் தெரியும். திருகாணி முடுக்கும்போது உதிரும் பொடி மின்முனைமேல் விழாதபடி மூடிவைப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு. பம்பின் வால்வைச் சட்டெனத் திறந்தால் தூசி எழும்பும், மெல்லத் திறவுங்கள். பின்னர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடையை இணைத்து, மின்னழுத்தத்தைச் சிறு படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பொறிகள் அடங்கும்வரை காத்திருங்கள்.