லேத் டூலைச் சாணை பிடிப்பது எப்படி?

சேலம் சூரமங்கலத்தில் ஒரு லேத் (கடைசல்) பட்டறையில் சேர்ந்த முதல் வாரம், நான் சாணை பிடித்த டூல் பளபளவென்று இருந்தது. லேத்தில் சுழலும் இரும்புக் கம்பியில் வைத்தால் கீச்சென்று கத்தியதே தவிர, சீவிய சுருள் ஒன்றுகூட வரவில்லை. மேஸ்திரி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடிவயிறு உரசுது தம்பி" என்றார்.

மூன்று நூல், அதாவது 3/8 அங்குல சதுர எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட், அதாவது டூலாகத் தீட்டும் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லேத்தில் டூலைப் பிடிக்கும் டூல் போஸ்டில் மாட்டும் தண்டு ஷேங்க். சுருள் ஏறி ஓடும் மேல்முகம் ஃபேஸ். கம்பியைப் பார்த்திருக்கும் பக்கங்கள் ஃபிளாங்க். ஃபேஸும் ஃபிளாங்கும் சேரும் விளிம்புதான் வெட்டுகிறது. அதன் முனை நோஸ்.

சாணைக்கல் சுழலும் கிரைண்டரில் நிற்கும்போது கண்ணாடி கட்டாயம், கையுறை கூடாது. கல்லுக்கும் பிட்டைத் தாங்கும் ரெஸ்ட்டுக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி வேண்டாம், பிட் உள்ளே மாட்டிக்கொள்ளும். கை சுடும்போதெல்லாம் தண்ணீரில் முக்குங்கள். (எச்.எஸ்.எஸ்.ஸைவிடக் கடினமான கார்பைடு டூலை மட்டும் முக்காதீர்கள், விரிசல் விடும்.)

முதலில் இடப்பக்கம். வலமிருந்து இடமாக ஓடும் டூலுக்கு வெட்டு விளிம்பு அங்கேதான். மேல் விளிம்பு முன்தள்ளி, அடி 8 முதல் 10 டிகிரி உள்வாங்கும்படி தேயுங்கள். இதுதான் கிளியரன்ஸ், நான் கோட்டைவிட்டதும் இதைத்தான். முன்பக்கத்துக்கும் 8 டிகிரி. கூடவே அது வலப்புறம் போகப்போகக் கொஞ்சம் பின்வாங்கட்டும்.

அப்புறம் ஃபேஸ். வெட்டு விளிம்பு உயர்ந்து வலப்பக்கம் தாழும் இந்தச் சரிவு சைடு ரேக். மைல்டு ஸ்டீலுக்கு 12 முதல் 14 டிகிரி போதும், அலுமினியத்துக்குக் கூட்டலாம். பித்தளைக்குத் தட்டையாகவே விடுங்கள், இல்லையென்றால் டூல் தானாகவே உள்ளே பாயும். கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலை இருக்கும் ஊரில் ஸ்டெயின்லெஸ் வேலை வராமலா போகும்? மொன்னை டூல் உரசினால் அதன் மேல்தோல் இறுகிவிடும், அடுத்த வெட்டு இன்னும் கஷ்டம். அதனால் விளிம்பு கூராக இருக்கட்டும், டூல் நகரும் ஓட்டத்தை (ஃபீடை) நடுவில் நிறுத்தி உரச விடாதீர்கள்.

நோஸை எண்ணெய்க்கல்லில் லேசாகத் தேய்த்து உருண்டையாக்கினால் சாணை முடிந்தது.

இனி உயரம், அதாவது நோஸ் கம்பியின் மையத்துக்கு நேராக நிற்பது. கம்பியைக் கவ்விச் சுழற்றும் 'சக்' (chuck) ஓடுவதை நிறுத்திவிட்டு, கம்பிக்கும் நோஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை மெதுவாகக் கவ்வ வையுங்கள். ஸ்கேலின் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, அடியில் தகடு வையுங்கள். அந்தப் பக்கம் சாய்ந்தால் டூல் உயரம். நேராக நின்றால் சரி, ஸ்கேலை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.