காந்தி நகரிலிருந்து சத்துவாச்சாரிக்குச் சைக்கிளில்

நாற்பதைத் தாண்டியவர்கள் சைக்கிள் வாங்கப் போனால் கடைக்காரர் ஆசையோடு காட்டுவது இரண்டு: குனிந்து ஓட்டும் பந்தய வண்டி, முன்னால் ஸ்பிரிங் வைத்த மலை வண்டி. வேலைக்குப் போய்வர இரண்டுமே வேண்டாம். வேலூரில் காட்பாடி காந்தி நகரிலிருந்து சத்துவாச்சாரி அலுவலகத்துக்குப் போகும் எனக்கு வேண்டியவை, நிமிர்ந்து உட்காரும்படியான ஹேண்டில்பார், மட்கார்டு, கேரியர், செயின் கவர். சுடிதார் அணிபவர்களுக்குச் செயின் கவர் இல்லாத வண்டி வண்டியே அல்ல. துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள்.

சீட்டின் உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், இரண்டு பாதமும் தரையில் பதியும்படி சீட்டைத் தாழ்த்திக்கொள்கிறோம். முழங்கால் வலி வருகிறது. வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு வண்டியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுகிறோம். சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து பெடலில் குதிகாலை வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். நிற்க வேண்டுமானால் சீட்டை விட்டு முன்பக்கம் இறங்கி நில்லுங்கள்.

கியரைக் கனமாக வைத்து அழுத்தி மிதிப்பது வீரம் அல்ல. லேசான கியரில் நிமிடத்துக்கு 70, 80 சுற்று வரும்படி மிதித்தால் மூட்டு பிழைக்கும். பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகம் முதல் மாதத்துக்குப் போதும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள்.

ஞாயிறு விடியற்காலையில் கோட்டைப் பக்கம் ஓட்டிப் பழகிவிட்டுத்தான் பாலாற்றுப் பாலத்துக்கு வர வேண்டும். அங்கே பக்கவாட்டுக் காற்றும் உண்டு, பஸ் முந்தும்போது வரும் தள்ளலும் உண்டு. ஓரத்து மணலில் சக்கரம் வழுக்கும் என்பதால் ஓரத்தோடு ஒட்டாமல் ஒரு கை தூரம் உள்ளே, ஒரே கோட்டில் போங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்றுதான் அர்த்தம், பதறி ஒதுங்காதீர்கள். கிரீன் சர்க்கிள் சந்திப்பில் சந்தேகம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடந்துவிடுங்கள். “என்னம்மா, ஸ்கூட்டி ரிப்பேரா?” என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

வெயிலோடு நம் ஊரில் வாதாட முடியாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்து, ஈரத் துண்டால் துடைத்து, மாற்றுடை போட்டுக்கொள்வதே வழி. வீடு திரும்ப இருட்டிவிடுமானால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம்.

பஞ்சர் பெரும்பாலும் சீமைக்கருவேல முள்ளால்தான். ட்யூபை ஒட்டியதோடு விடாமல் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒடிந்த முனை உள்ளேயே இருந்தால் மறுநாளே மறுபடியும் காற்று இறங்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டிக் காற்றடிக்க வேண்டாம்.

மாலையில் மார்க்கெட் போனால் பையை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். திரும்பும்போது சக்கரத்தில் சிக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முள்ளுக் கத்திரிக்காயாகவே இருந்தாலும் அதற்கு இடம் கேரியர்தான். ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தொங்கும் முனையைச் செருகிவிடுங்கள்.