பிசின் கரைசலில் மணல் கலந்தால் ஓட்டம் எப்படி மாறும்? வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

நாகை, திருவாரூர் பக்கம் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது குழாய் வழியே ஒரு சேற்றை உள்ளே செலுத்துவார்கள். அது பாறைத் துகள்களைச் சுமந்துகொண்டு மேலே வரும். அப்படிப்பட்ட சேறுகளில் பாலிமர் (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் கொண்ட பொருள்) கலப்பதுண்டு. பம்ப் ஓடும்போது சேறு இளகி ஓட வேண்டும். நின்றதும் துகளைக் கீழே விடாமல் பிடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே கரைசல் எப்படிச் செய்கிறது?

கேக் சாமான் கடையில் சாந்தன் கம் என்ற பிசின் பொடி வாங்குங்கள், அதுவும் ஒரு பாலிமர்தான். 1 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் போதும். நேரே கொட்டினால் கட்டி தட்டும்: வெளியே வழவழப்பு, உள்ளே உலர்ந்த பொடி. ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு கலந்து, மத்தால் கடைந்தபடியே சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் நுரை அடங்கும். வேதாரண்யம் பக்கம்போல போர் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் சாந்தன் தாங்கும், சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் என்ற இன்னொரு பாலிமர்) என்றால் உப்பில் நீர்த்துப்போகும்.

ஆற்று மணலை மாவுச் சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவிக் காயவையுங்கள். இதில் அவசரம் வேண்டாம். வண்டல் ஒட்டியிருந்தால் அந்தக் களிமண்ணே கரைசலைக் கெட்டியாக்கிவிடும்.

கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூபில் 1 மீட்டர் வெட்டி, அடி நீக்கிய பாட்டிலைக் கவிழ்த்து அதன் வாயில் செருகுங்கள். வெறும் கரைசலை ஊற்றி, அதன் மேல்மட்டம் டியூப் முனையைவிட 30 செ.மீ. உயரத்தில் இருக்கும்போது 100 மி.லி. வடியும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு 60 செ.மீ. உயரத்தில் அதையே செய்யுங்கள். தேன் போன்ற திரவமானால் நேரம் பாதியாகும். இதில் பாதியைவிடவும் வெகுவாகக் குறையும். இழுவிசை (திரவ அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று நழுவச் செய்யும் விசை) கூடக்கூட நீண்ட பாலிமர் சங்கிலிகள் ஓட்டத்தின் திசையில் படிந்துகொள்கின்றன, அதனால்தான்.

இப்போது 450 மி.லி. கரைசலில் 132 கிராம் மணல் கலக்குங்கள். கன அளவில் மணல் 10 சதவீதம். கலவை சுமார் 1.16 மடங்கு கனம் என்பதால் உயரத்தை 26, 52 செ.மீ. எனக் குறைத்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். நேரம் கூடும். தண்ணீர் போன்ற திரவத்தில் துகள் சதவீதத்தைப்போல் 2.5 மடங்கு பாகுநிலை (ஓட மறுக்கும் தன்மை) ஏறும் என்பது ஐன்ஸ்டைன் கணக்கு (1906, 1911இல் திருத்தியது). அதாவது இங்கே 25 சதவீதம். துகள்கள் நெருங்க நெருங்க அதைத் தாண்டும்.

பாலிமரில் இன்னொரு விஷயமும் நடக்கிறது. மணல் வளையாது. ஆகவே மொத்த இழுபாட்டையும் (அடுக்குகள் நழுவுவதையும்) துகள்களுக்கு இடையிலிருக்கும் மெல்லிய கரைசலே ஏற்கிறது. அங்கே அது கூடுதலாக இளகிவிடுகிறது. அதனால் அடுக்குகள் நழுவும் ஒரே வேகத்தில் பார்த்தால், பாகுநிலை ஏற்றம் சாதாரணத் திரவத்தைவிடக் குறைவு.

மிச்சக் கலவையை இரண்டு டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றை அசைக்காதீர்கள், மணல் மிக மெதுவாகத்தான் இறங்கும். மற்றதை ஸ்பூனால் மெதுவாக, விடாமல் சுற்றுங்கள். மணல் சீக்கிரமாக அடியில் சேரும், ஏனென்றால் நீங்கள் கிளறிய கரைசல் இளகிவிட்டது. துரப்பண வேலையில் சாய்வான கிணற்றின் அடிப்பக்கம் துகள் படிவதற்கும் இது ஒரு காரணம்.