அமெரிக்காவின் ஊர்ச் சாப்பாடுகளுக்கு டிக் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும் நம் பிள்ளைகளில் பலர் கையில் ஒரு பட்டியலோடு ஊர் சுற்றுகிறார்கள். மெய்னில் லாப்ஸ்டர் ரோல், பிலடெல்பியாவில் சீஸ்ஸ்டேக், நியூ ஆர்லியன்ஸில் கம்போ என்ற குழம்பு என்று ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு டிக் போடுகிறார்கள். நல்ல பழக்கம். ஒரு மாநிலத்தின் மண்ணையும் அங்கே வந்து குடியேறியவர்களையும் தெரிந்துகொள்ள இதைவிட ருசியான வழி கிடையாது. நானும் பல வருடங்களாக இப்படிக் கணக்கு வைத்திருப்பவன் என்பதால், கிளம்பும் முன் பட்டியலைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். எல்லாவற்றிலும் அதே ஓட்டைகள்தான். டேபிள் புக் செய்யுங்கள், வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வருவது வேறு.

பார்பிக்யூவை ஒரே வரியில் முடிப்பது

'பார்பிக்யூ – சாப்பிட்டாச்சு' என்று எழுதியிருப்பார்கள். எந்த ஊர் பார்பிக்யூ? இட்லி, ஆப்பம், இடியாப்பம் மூன்றையும் 'அரிசி' என்று ஒரே வரியில் எழுதுவது போன்றது இது. கிழக்கு வட கரோலினாவில் முழுப் பன்றியையும் தணலில் வேகவைத்து, வினிகரும் மிளகாயும் கலந்த நீர்த்த சாஸ் ஊற்றுவார்கள். அதே மாநிலத்தில் மேற்கே லெக்சிங்டன் பக்கம் போனால் பன்றியின் தோள்பட்டை மட்டும்தான், சாஸில் தக்காளி சேர்ந்துவிடும். தென் கரோலினாவில் கடுகு சாஸ். மத்திய டெக்சாஸில் பிரிஸ்கெட் என்ற மாட்டு நெஞ்சுக்கறிக்கு உப்பும் மிளகும் ஓக் புகையும் போதும். அங்கே குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக் கடைக்காரர்கள் விட்டுப்போன வழக்கம் அது.

மாடும் பன்றியும் சாப்பிடாதவர்கள் இந்த வரியையே அடித்துவிடுகிறார்கள். அடிக்காதீர்கள். கென்டக்கியின் ஓவன்ஸ்பரோவில் பார்பிக்யூ என்றாலே ஆட்டுக்கறி, அதுவும் முற்றிய செம்மறி. வடக்கு அலபாமாவின் டிகேட்டரில் கோழியைப் புகையில் வேகவைத்து, மயோனைஸும் வினிகரும் சேர்ந்த வெள்ளை சாஸில் முக்கித் தருவார்கள். இரண்டுமே அந்தந்த ஊரின் அசல் சமையல்.

மேரிலாந்துக்குப் போய் வேறு கடலின் நண்டைச் சாப்பிடுவது

இதுதான் எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல். காசும் அதிகம் போகிறது, கணக்கும் பொய்யாகிறது.

ஒரு பிப்ரவரியில் நண்பரின் தம்பியும் அவர் மனைவியும் மேரிலாந்தின் பால்டிமோர் நகருக்கு வந்திருந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய ஒரு பெரிய ரெஸ்டாரன்ட். மெனுவில் 'மேரிலாந்து ஸ்டைல் கிராப் கேக்', அதாவது நண்டுச் சதையில் செய்த கட்லெட். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இரண்டு பேரின் பில்லுக்கு ஒரு நல்ல ஜோடி ஷூ வாங்கியிருக்கலாம். தம்பி அங்கேயே போனை எடுத்து டிக் போட்டார். இந்த நண்டு எங்கிருந்து வருகிறது என்று நான் சர்வரிடம் கேட்டேன். உள்ளே போய் டின்னைப் பார்த்துவிட்டு வந்த அந்தப் பெண், "இந்தோனேசியா" என்று நேர்மையாகச் சொன்னார். தம்பி போட்ட டிக்கை எடுக்கவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

இது அபூர்வமான சம்பவம் இல்லை. அமெரிக்காவில் விற்கும் நண்டுச் சதையில் பெரும்பகுதி இறக்குமதி. ஆசியக் கடல்களில் பிடிபடும் நீலக்கால் நண்டை அங்கேயே வேகவைத்து, சதையை உதிர்த்து, டின்னில் அடைத்துப் பாஸ்டரைஸ் செய்து அனுப்புகிறார்கள். குளிர்பதனத்தில் மாதக்கணக்கில் தாங்கும். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மட்டுமில்லை, நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடிபடும் நண்டும் இப்படி அமெரிக்காவுக்குப் போகிறது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒருவர் பால்டிமோர் போய், சொந்தக் கடலின் நண்டையே நாற்பது டாலர் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு 'மேரிலாந்து' என்று எழுதிக்கொள்ள வாய்ப்பு உண்டு. நம் நண்டு எந்த விதத்திலும் மட்டம் இல்லை. ஆனால் அது மேரிலாந்தை ஒட்டிய செசபீக் விரிகுடாவின் நண்டு இல்லை, இனமே வேறு.

சுவையில் என்ன வித்தியாசம்? செசபீக்கின் நீல நண்டு குளிர்காலத்தில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். அதற்காக இலையுதிர்காலத்தில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். செப்டம்பர், அக்டோபரில் பிடித்த ஆண் நண்டைத் திறந்தால், ஓட்டின் மூலைகளில் மஞ்சளாகக் கூழ் போல நிற்கும். அங்கே அதை 'மஸ்டர்ட்' என்பார்கள். கடுகு இல்லை, நண்டின் கல்லீரல் மாதிரியான உறுப்பு. அதில் சதையைத் தொட்டுத் தின்றால் வெண்ணெய் தடவியது போல இருக்கும். டின்னில் இது எப்படி வரும்?

சட்டமும் இந்த விஷயத்தில் நமக்கு உதவாது. எந்த நாட்டுப் பொருள் என்று கடல் உணவில் எழுதி ஒட்ட வேண்டிய கட்டாயம் சூப்பர்மார்க்கெட்டுக்குத்தான், ரெஸ்டாரன்டுக்கு இல்லை. 2015இல் ஓசியானா என்ற கடல்வளப் பாதுகாப்பு அமைப்பு, செசபீக் பகுதியில் உள்ளூர் நண்டு என்று சொல்லி விற்ற கிராப் கேக்குகளை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பிப் பார்த்தது. 38 சதவீதத்தில் வேறு இன நண்டு இருந்தது.

ஆகவே, மெனுவில் 'ஸ்டைல்' என்று ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஊர்ப்பெயரைப் போட்டுக்கொண்டு ஊர் நண்டைப் போடாமல் தப்பிக்க அந்த ஒட்டு போதும். மேரிலாந்து அரசு 2012இல் தொடங்கிய 'ட்ரூ புளூ' திட்டத்தில் சேர்ந்த கடைகளைத் தேடுங்கள். உள்ளூர் நண்டு பயன்படுத்தும் கடைகளுக்கான அடையாளம் அது. சர்வரிடம் "இன்றைக்கு நண்டு எங்கிருந்து?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். நம் ஆட்களுக்கு இதில்தான் கூச்சம். நல்ல கடைக்காரர்கள் யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இதைவிட நல்ல வழி, கிராப் கேக்கை விட்டுவிட்டு முழு நண்டை டஜன் கணக்கில் வாங்குவது. மேசையில் பழுப்புக் காகிதத்தை விரித்து, ஆவியில் வெந்த நண்டுகளை அப்படியே கொட்டுவார்கள். மேலே செலரி உப்பு, மிளகு, மிளகாய் சேர்ந்த மசாலா அப்பியிருக்கும். ஆளுக்கு ஒரு மரச்சுத்தியல் தருவார்கள். வயிற்றுப் பக்கத்து மடலை நெம்பி, ஓட்டைப் பிரித்து, சாம்பல் நிறச் செவுள்களைக் கிள்ளி எறிந்துவிட்டு இரண்டாக உடையுங்கள். நமக்குக் கைப்பழக்கம் இருப்பதால் அமெரிக்க நண்பர்களைவிட வேகமாகவே முடித்துவிடுவோம்.

இதிலும் மாதம் முக்கியம். சீசன் ஏப்ரலில் தொடங்கிவிடும். ஆனால் அப்போது விரிகுடா குளிர்ந்து கிடப்பதால், பல கடைகளில் லூசியானாவிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் லாரியில் வந்த நண்டுதான் இருக்கும். இனம் ஒன்றுதான், ஆனால் செசபீக் என்று எழுத முடியாது. பிப்ரவரி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு செப்டம்பர் கடைசியில் போங்கள். என் நோட்டில் ஒவ்வொரு வரியிலும் ஊர், மாதம், பொருள் வந்த இடம் மூன்றும் இருக்கும். மூன்றாவது தெரியவில்லை என்றால் டிக் கிடையாது.

அக்டோபரில் கிராஃபிஷ் தேடிப் போவது

கிராஃபிஷ் என்பது இறால் போன்ற நன்னீர் உயிரி. லூசியானாவில் அது விளைவது பெரும்பாலும் நெல் வயலில். கோடையில் நெல்லை அறுத்துவிட்டு, இலையுதிர்காலத்தில் வயலில் மறுபடி தண்ணீர் கட்டுவார்கள். தாள் அழுகி அதில் வளரும் சிற்றுயிர்கள்தான் கிராஃபிஷ்ஷுக்குத் தீனி. நம் காவிரி டெல்டா விவசாயி யாருக்கும் இந்தக் கணக்கு சட்டென்று புரியும். அக்டோபரில் அந்த வயலுக்கு அப்போதுதான் தண்ணீர் பாயும், தட்டில் வருவது உறையவைத்த வால்சதை. மார்ச்சிலிருந்து மே வரை போங்கள். பிரோ பிரிட்ஜ் என்ற சிற்றூர்தான் அதற்குத் தலைநகரம், திருவிழாவும் மே மாதத் தொடக்கத்தில்.

பச்சை நிற கீ லைம் பை

புளோரிடாவின் இந்த இனிப்பு பச்சையாக இருந்தால் அது சாயம். கீ லைம் என்ற அந்தக் குட்டி எலுமிச்சையின் சாறு வெளிர் மஞ்சள்.

ஏர்போர்ட்டில் சாப்பிட்டது

கணக்கில் வராது.

கிழமை பார்க்காமல் போவது

நியூ ஆர்லியன்ஸில் ரெட் பீன்ஸும் சோறும் திங்கட்கிழமைச் சாப்பாடு. திங்கள் துணி துவைக்கும் நாள். ஞாயிறு சமைத்த பன்றித்தொடையின் எலும்பைப் போட்டு, பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டுத் துவைக்கப் போவார்கள். இன்றும் பல கடைகளில் திங்களன்றுதான் அது ஸ்பெஷல். விஸ்கான்சினில் ஃபிஷ் ஃப்ரை வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கக் குடும்பங்கள் வெள்ளியன்று கறி தவிர்த்த வழக்கத்திலிருந்து வந்தது. மத்திய டெக்சாஸின் பேர்பெற்ற கடைகளில் பிரிஸ்கெட் மதியத்தோடு தீர்ந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு என்று திட்டம் போட்டால் மூடிய கதவைத்தான் பார்க்க வேண்டும்.

கறித்துண்டு தெரியவில்லை என்பதால் சைவம் என்று நம்புவது

சைவக்காரர்களுக்கு இது முக்கியம். பாஸ்டன் பேக்ட் பீன்ஸில் உப்புப் பன்றிக் கொழுப்பு உண்டு. தெற்கில் காலர்ட் கீரையைப் பன்றிக்கால் எலும்போடுதான் வழக்கமாக வேகவைப்பார்கள். நியூ மெக்சிகோவில் எதைச் சொன்னாலும் "ரெட்டா, கிரீனா?" என்று கேட்பார்கள். மிளகாய் சாஸின் நிறத்தைத்தான் கேட்கிறார்கள். எந்த நிறமானாலும் கறி சேர்த்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கவலையில்லாமல் டிக் போடக்கூடியவையும் இருக்கின்றன: ரோட் ஐலண்டின் காபி மில்க், வெர்மான்டில் மார்ச் வாக்கில் வெண்பனி மேல் சுடச்சுட ஊற்றித் தரும் மேப்பிள் பாகு.

சாலையோரத்தைக் கடந்துபோவது

தென் கரோலினா, ஜார்ஜியா சாலைகளில் கையால் எழுதிய பலகையோடு அவித்த நிலக்கடலை விற்பார்கள். அதுதான் நம் ஊரிலேயே கிடைக்கிறதே என்று காரை நிறுத்தாமல் போகிறார்கள். 2006இல் தென் கரோலினா தன் மாநிலத் தின்பண்டமாக அறிவித்ததே இதைத்தான். பச்சைக் கடலையை உப்பு நீரில் மணிக்கணக்கில் கொதிக்கவிடுவதால் பருப்பு பீன்ஸ் போலக் குழைந்திருக்கும், தோலுக்குள் உப்புச்சாறு நிற்கும். நாம் அவிப்பதைவிடப் பல மடங்கு நேரம். கோடை பாதியிலிருந்து புதுக்கடலை வரும். ரெகுலரா, கேஜனா என்று கேட்பார்கள். கேஜன் காரம் போட்டது. முதலில் ரெகுலர் வாங்குங்கள், டிக் அதற்குத்தான்.